அடுக்கி முடியவில்லை

"இப்ப யாரும் கை வைக்கக் கூடாது முதலாளி. நடுவுல நிறுத்தினா மொத்தமும் போயிடும்," என்றார் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் அபூ ஜுமானா. திரைக்குக் குறுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நீட்டிய கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டார் முதலாளி நஸ்ரி. பள்ளி இறுதித் தேர்வான தவ்ஜிஹியின் முடிவுகளை இணையத்தில் வெளியிடும் ஒப்பந்தத்தை வாங்க அவர் பிடிக்காத கால் இல்லை. பத்து மணிக்குத் திறந்திருக்க வேண்டிய தளம் உச்சி வெயில் ஏறியும் மூடியே கிடந்தது.

ஜன்னலுக்குக் கீழே அம்மான் நகரம் கொதித்துக்கொண்டிருந்தது. தேர்ச்சியைக் கொண்டாடி ஊர்வலம் போகத் தயாராகக் கார்கள் வரிசை கட்டி நின்றன. எதிர்க் கடைக்காரர் தட்டுத் தட்டாகக் குனாஃபா இனிப்பைச் சுட்டு வைத்துவிட்டு, வாங்க ஆளில்லாமல் இந்த ஜன்னலையே முறைத்துக்கொண்டிருந்தார்.

"அரை மணியில முடிஞ்சிடும்னு நீதானேய்யா சொன்னே?"

"சொன்னேன் முதலாளி. காலையில சோதனை பண்ணப்ப நீங்களே பாத்தீங்கல்ல? ஒரு நம்பரைத் தட்டிட்டு, டீ குடிச்சிட்டு வந்தாலும் பதில் வரல. மார்க்கைக் கடைசி வரைக்கும் திருத்தித் திருத்தி அனுப்பினாங்க. ஒரு புள்ளையோட பேரு டிஸ்குல ஒரு மூலையில கிடக்கு, மார்க்கு இன்னொரு மூலையில கிடக்கு. எல்லாத்தையும் ஓரிடத்துல சேத்து அடுக்கினாத்தான் சர்வர் ஓடும்."

நஸ்ரி சிமெண்ட் வியாபாரத்திலிருந்து இந்தத் தொழிலுக்கு வந்தவர். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகளைப் பார்த்தால் அவருக்குப் புரிந்தது கறுப்பும் வெள்ளையும் மட்டும்தான். நம்புவதைத் தவிர வேறு வழியில்லை.

அவருடைய செல்போன் அலறியது. கல்வி அமைச்சக மேலிடம்! "இதோ முடியுதுங்க... சத்தியமா... மெஷின் வேலைங்க, நான் என்ன பண்ணட்டும்..." என்று காற்றுக்குக் கும்பிடு போட்டுவிட்டு வைத்தார்.

"போச்சு. நாளைக்கு மறுபடி சிமெண்ட் மூட்டை விக்கப் போறேன். அபூ ஜுமானா, ஏதாவது பண்ணுய்யா!"

அபூ ஜுமானா என்றால் ஜுமானாவின் அப்பா; அவள் அவருக்கு ஒரே மகள். மகன் இல்லாததால் ஊரே அவரை மகள் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடும். அன்று காலையிலிருந்து அந்த அறையில் அந்தப் பெயர் கத்தப்பட்ட ஒவ்வொரு முறையும் மனிதருக்கு முகம் சுருங்கியது. திட்டு வாங்குகிறவன் முகம் வேறெப்படி இருக்கும்?

இப்போது அவருடைய செல்போன் அடித்தது. சுவர்ப் பக்கம் திரும்பி, "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?... அவ்வளவா?... சரி, சரி," என்று தணிந்த குரலில் பேசினார். வைத்துவிட்டு, "பாதி ஆச்சு முதலாளி," என்றார்.

"யாரு, சர்வர் வித்த கம்பெனிக்காரனா? நல்லா நாக்கைப் புடுங்கற மாதிரிக் கேளு. காசு மட்டும் வாங்கத் தெரியுதுல்ல!"

அபூ ஜுமானா செல்போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். தெருவிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. "திறந்து தொலைங்கய்யா! எம் பையன் நேத்துலேருந்து பச்சைத் தண்ணி குடிக்கல!"

நஸ்ரி ஜன்னலை அடைத்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். பாவம், திட்டவும் தெம்பில்லை.

"உன் பொண்ணும் எழுதியிருக்காளே. நீயாவது முன்னாடியே பாத்து வெச்சியா?"

"இந்த வேலைக்கு நடுவுல அதுக்கு எங்க நேரம் முதலாளி?"

"வீட்ல என்ன பண்றா?"

"தனியாத்தான் உக்காந்திருக்கா. அவங்கம்மா வெளியூர் போயிருக்கா. விடிஞ்சதுலேருந்து போனைக் கீழயே வைக்கல."

"இந்தத் தடவை தேறிடுவா, பாரு. போன வருஷம் மாதிரி மொட்டை மாடியில ஏறி நின்னு உங்க உசிரை வாங்க மாட்டா."

அபூ ஜுமானா தலையை ஆட்டினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடியும் கழற்றினார்.

செல்போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டவர், "ம்... ம்... இன்னும் கொஞ்சம்தானே?" என்றார். வைத்துவிட்டு, "முக்கால்வாசி தாண்டியாச்சு," என்றார்.

"யா அல்லாஹ், இந்த மெஷினுக்கு நல்ல புத்தியக் குடு," என்று நஸ்ரி மேலே பார்த்தார். மேலே மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

மேலிடம் மறுபடி கூப்பிட்டது. இந்த முறை நஸ்ரிக்குக் கும்பிடு போடக்கூட அவகாசம் தரவில்லை. "அஞ்சு நிமிஷத்துல திறக்கலைன்னா ஒப்பந்தம் ரத்தாம்," என்றார் வறண்ட குரலில். "அபூ ஜுமானா, உன் கால்ல வேணா விழறேன்யா. நிறுத்திட்டு அப்படியே திறந்துடு. வந்த வரைக்கும் வரட்டும்."

"முடியாது முதலாளி. என்னை மன்னிச்சிடுங்க, முடியாது." அபூ ஜுமானாவின் குரல் உடைந்தது. நஸ்ரிக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஒரு இயந்திரத்துக்காக அழுகிற மனிதரை அவர் அதுவரை பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்து மேசைமேல் இருந்த அபூ ஜுமானாவின் செல்போன் மறுபடி அடித்தது. நஸ்ரி முந்திக்கொண்டார். அந்தக் கம்பெனிக்காரனை இன்று ஒரு கை பார்த்துவிடுவது என்று பாய்ந்து எடுத்துக் காதில் வைத்தார்.

அவர் வாயைத் திறப்பதற்குள் மறுமுனையில் மூச்சிரைக்க ஒரு பெண் குரல் கேட்டது.

"வீட்டுக்கு வந்துட்டேங்க. ஃபெயிலுன்னு நானே சொல்லிட்டேன், எம் மடியிலதான் அழுதுக்கிட்டிருக்கா... இனி நீங்க திறந்து விடுங்க!"