கன்று போட்ட சேதி

அவள் சிரித்தாள்.

சிரிக்கத்தான் வேண்டும். திரையில் மகள் அலமேலு சிரித்துக்கொண்டிருந்தாள். மகளின் தோளில் கை போட்டபடி மருமகனும் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜவ்வாது மலையில் அந்த ஊர்ப் பள்ளிக்கு அன்றைக்குத்தான் இணைய கேபிள் வந்திருந்தது. ரிப்பன் வெட்டியவர்கள் மலையிறங்கிப் போயாயிற்று. முதல் வீடியோ அழைப்பு அவளுக்குத்தான் என்று எஸ்தர் டீச்சர் சொல்லிவிட்டாள். காது கேளாதவளுக்குப் போன் எதற்கு என்று இத்தனை நாள் கேட்ட ஊர், இப்போது பெஞ்சில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது.

"நல்லா கீறேம்மா. இவரு நல்லா பாத்துக்கறாரு."

அலமேலுவின் வாய் அப்படிச் சொன்னது.

கைகள் வேறு சொல்லின.

பூட்டு.

வெளியில் பூட்டு.

அடி.

அவள் மகளின் கைகளையே பார்த்தாள். ஆனாலும் சிரித்தாள்.

காது கேளாத தாய்க்கும் காது கேட்கிற மகளுக்கும் நடுவே, அந்த வீட்டுக்குள்ளேயே வளர்ந்த கைப்பேச்சு அது. ஊருக்குத் தெரியாது. கட்டிக்கொண்டவனுக்கும் தெரியாது. கையை ஆட்டுவதெல்லாம் ஒரு பேச்சா என்று கல்யாணத்தன்றே கேலி செய்தவன். நல்லவேளை, கேலியோடு விட்டான். கற்றுக்கொண்டிருந்தால் இன்றைக்கு என்ன ஆகியிருக்கும்!

"பாரு, எப்பிடிச் சிரிக்கிறா. நல்லாதான் கீறா. நான் எத்தினி வாட்டி சொன்னேன்!" அண்ணன் வேடியப்பன் அவள் முதுகில் தட்டினான்.

சொன்னான்தான். சிக்னல் கிடைக்கும் பாறை மேல் ஏறி நின்று திருப்பூருக்குப் பேசுவான். இறங்கி வந்து கட்டைவிரலை உயர்த்திக் காட்டுவான். கல்யாணமாகிப் போன மகளைப் பற்றி அந்தக் கட்டைவிரலைத் தவிர வேறெதுவும் அவளுக்கு வந்து சேர்ந்ததில்லை. விலாசம் கேட்டால், வீடு மாத்தறோம், அப்புறம் சொல்றேன் என்பானாம் மருமகன். அடப்பாவி, எத்தனை வீடுதான் மாற்றுவாய்!

அலமேலு கன்னத்தைச் சொறிவதுபோல இரண்டு விரல்களை வாயோரம் வைத்தாள்.

காட்டுப்பன்றி.

சாமைக் கொல்லையில் பன்றி நெருங்கும்போது தாயும் மகளும் காட்டிக்கொள்வது. அசையாதே. பக்கத்தில் நிற்கிறது.

அவள் அசையவில்லை. கைகளை மட்டும் மடியிலிருந்து எடுத்தாள்.

எங்கே இருக்கிறாய்? எந்தத் தெரு?

படம் நின்றது.

மகளின் கை பாதி வழியில் நின்றது. நடுவே ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது.

"புது லைன் இல்லையா, அப்பிடித்தான். வந்துரும்" என்றாள் டீச்சர்.

வரவேண்டும். சாமி, வந்துவிட வேண்டும்.

மேசைக்கு அடியில் அவள் கை டீச்சரின் புடவையைப் பற்றியது. டீச்சர் திரும்பினாள். சிரிக்கிற முகத்தைப் பார்த்தாள். புடவையைப் பிய்க்கிற விரல்களையும் பார்த்தாள்.

படம் வந்தது. மருமகனின் முகம் திரை முழுக்க இருந்தது. இப்போது அதில் சிரிப்பு இல்லை.

"அத்த என்னா சொல்றாங்க? கை ரொம்ப வேகமா போவுது?"

அலமேலு விழித்தாள்.

"மாடு கன்னு போட்டிருக்குதாம்."

வேடியப்பன் நிமிர்ந்தான். "மாடா? நம்மகிட்ட ஏது..."

எஸ்தர் டீச்சர் அவன் காலை மிதித்தாள். செருப்புக் காலால், நன்றாகவே.

"ஆமாங்க தம்பி. கிடேரிக் கன்னு. நெத்தியில வெள்ளப் பொட்டு."

அவளிடம் இருப்பது இரண்டே ஆடுகள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருவரும் வாய் திறக்கவில்லை. உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட முடியாது என்பார்கள். அன்றைக்கு அந்த ஊர் தானாகவே மூடிக்கொண்டது.

மருமகன் முகம் இளகியது.

"அட! அப்போ சீம்பாலு எங்களுக்குக் கிடையாதா?"

"ஏன் கிடையாது? எங்க ஆளு நாளைக்கி அந்தப் பக்கம்தான் வருது. குடுத்தனுப்பறோம். எங்கன்னு சொல்லுங்க."

அவன் யோசித்தான்.

அலமேலு அவனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூச்சு விடுகிறாளா என்றே தெரியவில்லை.

சீம்பால் ஆசை யாரை விட்டது? சொன்னான். தெரு, சந்து, வீட்டு எண். டீச்சர் காதில் சரியாக விழவில்லை என்றதும், இன்னொரு தடவை நிறுத்தி நிறுத்திச் சொன்னான்.

டீச்சர் கரும்பலகையில் எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"சரிங்க தம்பி. வெச்சுடறேன்."

திரை கறுத்தது.

வேடியப்பன் பலகையைப் பார்த்தான். தங்கையைப் பார்த்தான். அவனுக்கு அப்போதுதான் விளங்கியது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டான்.

அவளுக்கு எழுத்து தெரியாது. பலகையைக் காட்டி, என்ன என்று கையால் கேட்டாள். டீச்சருக்கு அந்தக் கைப்பேச்சில் ஒரு சொல்கூட வராது. பலகையைத் தொட்டாள். மலைக்குக் கீழே கை நீட்டினாள். பிறகு அந்தத் தாயின் நெஞ்சைத் தொட்டாள்.

தூரத்தில், ஊருக்கு வந்து மறுபடி மலையிறங்கும் கடைசி பஸ் கொண்டை ஊசி வளைவில் ஹாரன் அடித்தது.

அவளுக்குக் கேட்கவில்லை.

ஆனால் பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் எழுந்து நிற்பதைப் பார்த்தாள்.