பயன்: தெரியவில்லை

"தொலைஞ்சு போன பொருள் கிடைச்சா இங்கதானே சார் கொண்டுவந்து வைப்பீங்க?"

காப்பாட்சியர் நிமிர்ந்து பார்த்தார். அறை வாசலில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர் வியர்த்து விறுவிறுத்து, கசங்கிய பஸ் டிக்கெட்டும் கையுமாக நின்றிருந்தார். கேள்வியில் பிழை ஒன்றும் இல்லை. அருங்காட்சியகம் என்றாலே அதுதானே என்று நினைத்துக்கொண்டு, ஆமாம் என்றார்.

வந்தவர் அப்பாடா என்று நாற்காலியில் சாய்ந்தார். காலையில் அவர் மனைவி பஸ்ஸில் ஒரு பொட்டலத்தை விட்டுவிட்டு இறங்கிவிட்டாளாம். அது இல்லாமல் வீட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது என்று உத்தரவாம். தொலைத்தது அவள், அலைவது இவர். வெளியே 'தொல்பொருள்' என்ற பலகையைப் பார்த்ததும், 'தொலைந்த பொருள்' என்பதைத்தான் இடம் போதாமல் சுருக்கி எழுதியிருக்கிறார்கள் என்று நேரே உள்ளே வந்துவிட்டார்.

வேறு நாளாக இருந்தால் காப்பாட்சியர் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இன்று அந்த நிலையில் அவர் இல்லை. நாளைக் காலையில் பல நாட்டு அறிஞர்கள் முன்னால் அவர் மானம் போகப் போகிறதா, நிற்கப் போகிறதா என்று தெரிந்துவிடும். எல்லாம் ஒரு வெண்கலப் பொருளால் வந்த வினை. பழங்காலக் கல்லறை ஒன்றில் அவரே தோண்டி எடுத்தது. அதே போலப் பல நாடுகளிலும் கிடைத்திருக்கிறது. எங்கே எடுத்தாலும் ஒரு தேய்மானம் இல்லை, ஒரு கீறல் இல்லை. சுற்றிய துணிகூடப் பிரிக்காமல் இருக்கும். எதற்கு என்றுதான் ஒருவருக்கும் தெரியவில்லை.

அது மெழுகுவர்த்தி வைக்கிற தாங்கி என்று ஒரு பேராசிரியர் ஒற்றைக் காலில் நின்றார். அவருக்கு 'மெழுகுவர்த்தி' என்றே பெயர் விழுந்துவிட்டது. இல்லை, சூரிய வழிபாட்டுப் பொருள் என்று தலையணை அளவுக்குப் புத்தகம் எழுதியவர் நம் காப்பாட்சியர். ஆதாரம் எங்கே என்று நாளைக்குக் கேட்பார்கள். பதில் இல்லாவிட்டால் புத்தகத்தை எடைக்குப் போட வேண்டியதுதான்.

"பொட்டலத்துல என்ன இருந்தது?" என்று ஒப்புக்குக் கேட்டுவைத்தார்.

"என்னன்னு சொல்றது சார், பித்தளை உருண்டை மாதிரி. சரியா உருண்டையும் இல்ல. பன்னெண்டு பக்கம். பக்கத்துக்கு ஒரு ஓட்டை. மூலைக்கு மூலை ஒரு குமிழ்."

காப்பாட்சியருக்குத் தூக்கிவாரிப் போட்டது. வந்தவர் கையைப் பிடித்துக் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் இழுத்துக்கொண்டு போனார். இதேதான் என்று வந்தவர் பெட்டியைத் திறக்கவே பார்த்தார். இதற்கு வயது இரண்டாயிரம் என்று சொன்ன பிறகுதான், எங்களது பளபளவென்று இருக்கும் என்று முகம் வாடிக் கையை எடுத்தார்.

காப்பாட்சியருக்கு அழுகையே வந்துவிட்டது. செத்துப்போனது என்று உலகம் கைகழுவிய ஒரு வழக்கம், எங்கோ ஒரு வீட்டில் உயிரோடு இருக்கிறது, பஸ்ஸில்கூடப் போய் வருகிறது. வந்தவரை உட்கார வைத்து, டீ வரவழைத்து, பேனாவைத் திறந்தார்.

"அதுல மெழுகுவர்த்தி வைப்பீங்களா?"

"அதுலயா? வீட்டுக்காரி என்னைக் கொன்னே போட்டுடுவா."

அந்தப் பதிலைக் காப்பாட்சியர் அடிக்கோடிட்டு எழுதினார். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க, அவருக்குப் பாயசம் குடித்தது போல இருந்தது. பரண் மேலேதான் இருக்குமாம், யாரும் தொட மாட்டார்களாம். இன்றைக்கு மாதிரி ஒரு விசேஷம் வந்தால்தான் இறக்குவதாம். குளித்து, இருப்பதிலேயே நல்ல துணியாக உடுத்தி, புருஷனும் பெண்டாட்டியும் சேர்ந்தே எடுத்துப் போக வேண்டுமாம். இவர் மட்டும் தனியாகப் போனால் நன்றாக இருக்காதாம். எல்லாம் பொழுது சாய்வதற்குள்.

"பொழுது சாஞ்சிட்டா?" காப்பாட்சியர் நாற்காலி நுனிக்கு வந்தார்.

"அசிங்கமாப் போயிடும் சார். ஒருத்தர் முகத்துல முழிக்க முடியாது."

சூரியன்தான், சந்தேகமே இல்லை. அப்போதே அவர் மெழுகுவர்த்திக்குப் போன் போட்டார். நாளைக்கு நீங்கள் பேச வேண்டாம், முன்வரிசையில் உட்கார்ந்து கை தட்டினால் போதும் என்றார். புதுப் பதிப்புக்குத் தயாராகும்படி பதிப்பகத்துக்கும் சொல்லிவிட்டார். இனி அச்சில் ஏறியதை யாராலும் அழிக்க முடியாது என்ற நிம்மதியோடு திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"பொட்டலத்தைப் பிரிச்சுப் பார்ப்பீங்களா?"

"பிரிக்கவே கூடாது சார். நான் ஒரே ஒரு தடவை பேப்பரை மெதுவா விலக்கி முழுசாப் பார்த்தேன். அதுக்கே வீட்டுல ஒரு வாரம் என்கூடப் பேச்சு இல்ல."

இத்தனை கல்லறைகளிலும் துணி பிரிக்காமல் கிடந்தது ஏன் என்று காப்பாட்சியருக்கு விளங்கிவிட்டது. பார்ப்பதே பாவம் என்கிற அளவுக்குப் புனிதம். புத்தகத்துக்குக் கடைசி வரி ஒன்றுதான் பாக்கி. பேனாவைத் தாளில் ஊன்றிக்கொண்டு, பயபக்தியோடு கேட்டார்.

"பிரிச்சா என்ன ஆகும்?"

வந்தவர் கூச்சத்தோடு கதவுப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"சொல்ல வெட்கமா இருக்கு சார். எங்க கல்யாணத்துக்கு யாரோ கொடுத்தது அது, அவங்களுக்கு அவங்க கல்யாணத்துல வேற யாரோ கொடுத்தாங்களாம், எதுக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது. பேப்பரைக் கிழிச்சிட்டா, இன்னிக்குச் சாயங்காலம் மச்சினி கல்யாணத்துல அதை எப்படி சார் தள்ளிவிடறது?"