வெள்ளைப் பூ

சமயநல்லூரில் இம்மானுவேலின் வாடகை மாடி அறையில், அலுமினியக் குண்டானுக்குள் கறுப்புச் சாயம் கொதிக்கிறது. அவனை நம்பி வீட்டைவிட்டு வந்த காவ்யஸ்ரீ, அவனுடைய சட்டையையும் கைலியையும் உடுத்திக்கொண்டு நின்று, தன்னிடம் இருக்கும் ஒரே மஞ்சள் சுடிதாரைக் கரண்டிக் காம்பால் அமுக்கி அமுக்கிப் புரட்டுகிறாள். அவளைத் தேடும் வீட்டார் அனுப்பி, வாட்ஸ்அப்பில் அந்தச் சுடிதாரோடு அவள் படம் சுற்றுகிறது; கறுப்பாக்கினால்தான் பஸ் ஏற முடியும். சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட்டே வளர்ந்த கை, இன்று சாயம் பிடிக்கப் போடும் உப்பை அடுப்பெல்லாம் சிந்துகிறது. ஜன்னலுக்குக் கீழே ஒரு பைக் வந்து நிற்கிறது. "அண்ணே, மஞ்சச் சுடிதார், கழுத்துல வெள்ளப் பூ. இங்கிட்டு யாரும் பாத்தீகளா?" அவள் அண்ணன் குரல்தான். "சாயம் ஏறிருச்சா?" என்று இம்மானுவேல் உதட்டை மட்டும் அசைக்கிறான். அவள் துணியைத் தூக்குகிறாள். பருத்தி முழுக்கக் கறுத்துவிட்டது. பாலியஸ்டர் நூலில் தைத்த பூக்களில் மட்டும் சாயம் துளிகூடப் பிடிக்கவில்லை. மஞ்சளில் மங்கிக் கிடந்தவை, கறுப்பில் பளீரென்று சிரிக்கின்றன.