கடைசிப் பெஞ்சு மெழுகுதிரிகள்

"ஏட்டி, ஷெர்லியக்காளுக்க மூஞ்சியப் பாத்தியா? எள்ளும் கொள்ளும் வெடிக்குது" என்று காதைக் கடித்தாள் பக்கத்தில் இருந்த ஜாஸ்மி.

ஜெஸ்பின் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் கடைசிப் பெஞ்சுகள் கண்ணில் படும். அவள் பயமெல்லாம் அந்தக் கடைசிப் பெஞ்சுகளைப் பற்றித்தான்.

கருங்கல் ஊருக்குப் பக்கத்தில் இருந்த அந்தச் சின்ன சபையில், கிறிஸ்துமஸ் மெழுகுதிரி ஆராதனைக்கு வருஷா வருஷம் ஷெர்லியின் கடையிலிருந்துதான் மெழுகுதிரி வரும். இந்த வருஷம் சபைச் செயலர் சத்தியநேசன் மனசு வைத்து ஜெஸ்பினிடம் கொடுத்துவிட்டார். அவள் புருஷன் ரெனிஷ் துபாயில் வேலை போய், வீட்டில் சும்மா இருப்பது ஊருக்கே தெரியும்.

"இது ஒழுங்கா எரிஞ்சா ஈஸ்டருக்கும் நீயே செய்யி. சொதப்பினா பின்ன எனக்கிட்ட வரப்பிடாது" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

ஆன்லைனில் வாங்கிய மெழுகு உருக்கும் மெஷின். குக்கர் அளவுதான் இருக்கும். சூட்டைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகு, மெழுகு இறங்க ஒரு குழாய். புதிதாகப் பழகுகிறவர்களுக்கு ஏற்றது என்று அட்டைப்பெட்டியில் போட்டிருந்தது. போடாமல் விட்டதையெல்லாம் ஜெஸ்பின் பட்டுத்தான் தெரிந்துகொண்டாள்.

முதல் பெட்டிக்கு ஒழுங்காக வந்தது. அதற்குப் பிறகு வார்த்ததெல்லாம் அச்சில் ஒட்டிக்கொண்டு, எடுக்கும்போதே ஒடிந்தது. நம் ஊரில் தலைக்கும் தோசைக்கும் கதவுக் கீலுக்கும் ஒரே மருந்து தேங்காய் எண்ணெய். உருகிய மெழுகிலேயே தாராளமாக ஊற்றினாள். மெழுகுதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. இரண்டாவது பெட்டியும் நிறைந்தது.

இன்று மத்தியானம், பெட்டிகள் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் எண்ணெய் ஊற்றி வார்த்ததில் மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்தாள். ஜன்னலோரம் நிறுத்தி வைத்திருந்தது தலை குனிந்து நின்றது.

"இஞ்ச பாருங்க, வளஞ்சு போச்சு" என்றாள்.

"வெயில் பட்டா வளையத்தான் செய்யும். சும்மா வெப்றாளப்படாத" என்றான் ரெனிஷ்.

கோயிலுக்குள் வெயில் இல்லைதான். ஆனால் மெழுகுதிரி எரியும்போது ஃபேனையெல்லாம் நிறுத்திவிடுவார்கள். அந்தக் கூட்டத்துக்கு உள்ளே அடுப்படி மாதிரி வெந்துவிடும். இரண்டாவது பெட்டியைப் பின்னால் உள்ளவர்களுக்குத்தான் கொடுத்திருந்தார்கள்.

விளக்குகள் அணைந்தன. ஃபேன்கள் நின்றன. பீடத்திலிருந்து நெருப்பு கை மாறி, பெஞ்சு பெஞ்சாகப் பின்னால் போனது. பாட்டு தொடங்கியது.

ஜெஸ்பின் வாயை மட்டும் அசைத்தாள். கண் முழுவதும் கையிலிருந்த மெழுகுதிரியில். அது நேராக நின்றது. முதல் சரணம் முடிந்தது. பின்னாலிருந்து ஒரு முணுமுணுப்பும் இல்லை.

"கொள்ளாமே ஏட்டி. சூப்பரா எரியுது" என்றாள் ஜாஸ்மி.

அப்போதுதான் ஜெஸ்பினுக்கு மூச்சே வந்தது. அடுத்த சரணத்தை வாய்விட்டுப் பாடினாள்.

தலைக்கு மேல் கடகடவென்று சத்தம். எல்லா ஃபேன்களும் ஒன்றாகச் சுற்றின. கோயில் முழுக்க ஒரு சுடர் மிச்சமில்லை.

"யாரு ஃபேனப் போட்டது?" என்று இருட்டில் சத்தியநேசன் குரல் கேட்டது.

"நான்தான். புழுக்கம் தாங்கல்ல." சுவிட்ச் போர்டை ஒட்டிய கடைசிப் பெஞ்சில் இருந்த ஷெர்லிதான். "அணஞ்சதெல்லாம் இஞ்ச தாங்க பிள்ளையளா, புது உடுப்புல மெழுகு பட்டுரும்" என்று சுற்றியிருந்தவர்கள் கையிலிருந்து அவசர அவசரமாக வாங்கவும் செய்தாள்.

விளக்கு போட்டார்கள். போதகர் சிரித்துச் சமாளித்து, மீதிப் பாட்டை வெளிச்சத்திலேயே பாடவைத்தார்.

ஆராதனை முடிந்து வாசலில் கூட்டம் நின்றபோது சத்தியநேசன் ஷெர்லியைப் பிடித்துக்கொண்டார். "இத்தன வருஷமா கோயிலுக்கு வாறிய. மெழுகுதிரி எரியும்போ ஃபேன் போடப்பிடாதுன்னு தெரியாதா?"

"தப்புதான் அண்ணே" என்றாள் ஷெர்லி.

"தப்பா? வேணும்னே செஞ்ச வேல" என்று ஜாஸ்மி எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "அணச்சதும் போதாம பிடுங்கியும் வச்சாச்சு."

சாயங்காலம் முழுவதும் இருந்த பயம் ஜெஸ்பினுக்கு இப்போது கோபமாகத் திரும்பியது.

"எனக்க மேல கோவம்னா எனக்கிட்ட காட்டியிருக்கணும், அக்கா. கோயிலுக்குள்ள வச்சுக் காட்டியிருக்கப்பிடாது."

அத்தனை பேரும் ஷெர்லியைப் பார்த்தார்கள். அவள் முகம் செத்துவிட்டது. கேட்டைப் பார்த்து நடந்தாள்.

"நீ வருத்தப்படாத மக்கா" என்றார் சத்தியநேசன். "நல்லாத்தான் எரிஞ்சுது, பாத்தோம்லா. ஈஸ்டருக்கும் நீதான் செய்யணும்."

ஜெஸ்பின் நிமிர்ந்து நடந்தாள். கேட்டுக்கு வெளியே, மதில் ஓரமாக ஷெர்லி தனியாகக் காத்து நின்றாள்.

"இஞ்ச வா, ஏட்டி."

"என்ன?" என்றாள் ஜெஸ்பின் விறைப்பாக.

ஷெர்லி அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, தோளில் கிடந்த பையைத் திறந்து காட்டினாள். உள்ளே கடைசிப் பெஞ்சுகளின் மெழுகுதிரிகள். ஒன்று விடாமல் தூண்டில் முள் மாதிரி வளைந்து கிடந்தன. பைக்குள்ளிருந்து தேங்காய் எண்ணெய் வாசம் வந்தது.

ஷெர்லி பையை இழுத்து மூடினாள்.

"ஈஸ்டருக்குச் செய்யும்போ தேங்கா எண்ணைய அச்சுல தடவு, மக்கா. மெழுகுல ஊத்தப்பிடாது."