டோபேக்குப் போகும் வழி

குழம்பு அன்றைக்கும் தீய்ந்துவிட்டது. பஞ்சநாதன் சட்டியை இறக்கி வைத்துவிட்டு ஸ்டவ்வை முறைத்தான்.

"ஆறு மாசம் எப்படித்தான் காலம் தள்ளப் போறீங்களோ!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் அவன் மனைவி கொளஞ்சியம்மாள். "ரசமாச்சும் ஒழுங்கா வைக்கக் கத்துக்குங்க."

"பட்டினி கெடந்துக்கறேன், உடு. அந்த ஊருக்கு எந்த வழியா போறதுன்னே இன்னும் தெரியல. இவ கொழம்புக்கு அழுவுறா!"

இருவருக்கும் ஒரே பீங்கான் கம்பெனியில் வேலை. அவன் சூளையில், அவள் பொம்மைகளுக்கு மெருகு பூசும் இடத்தில். ஜப்பானில் பீங்கான் செய்கிற ஊர் ஒன்றில் ஆறு மாதப் பயிற்சிக்குக் கம்பெனிக்கு ஒரே ஓர் இடம் கிடைத்திருந்தது. ஐப்பசி பிறப்பதற்குள் பாஸ்போர்ட் வராவிட்டால் அந்த இடம் வேறு கம்பெனிக்குப் போய்விடும் என்று மேனேஜர் ராஜாங்கம் கறாராகச் சொல்லிவிட்டார்.

டோக்கியோ என்றால் கேட்டுத் தெரிந்துகொள்ள நாலு பேர் இருப்பார்கள். இதுவோ ஷிக்கோகு என்கிற தீவில் டோபே என்றொரு ஊர். பூகோள வாத்தியார் சக்கரபாணியிடம் போனான். அவர் அட்லஸை விரித்துக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தார்.

"அப்படி ஒரு ஊரே கெடையாதுப்பா. எவனோ ஒன்ன நல்லா ஏமாத்தியிருக்கான்!"

ஜப்பான்காரர்கள் அனுப்பிய கடிதத்தில் வழி இருந்தது. டோக்கியோவில் இறங்கி ரயில், கடலைத் தாண்டக் கப்பல், மறுபடி ரயில், கடைசியில் பஸ். எந்த பஸ், எத்தனை மணிக்கு, அதைத் தவறவிட்டால் எங்கே தங்குவது என்று ஒரு வரி இல்லை. ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸே சொன்ன நேரத்துக்கு வராத பூமியில் இருந்துகொண்டு பஞ்சநாதன் அந்தப் பஸ்ஸை நினைத்து நினைத்துத் தூக்கத்தைத் தொலைத்தான்.

பாஸ்போர்ட் மனு மூன்று முறை திரும்பி வந்தது. முதலில் போட்டோ சரியில்லை. பிறகு கையெழுத்து இடம் மாறிவிட்டது. மூன்றாம் முறை, பிறந்த தேதிக்குச் சான்று எங்கே என்று கேட்டார்கள். ஸ்ரீமுஷ்ணத்துப் பள்ளிக்கூடத்துக்கு நடையாய் நடந்தான். ஒரு நாள் ஹெட்மாஸ்டர் லீவு, மறுநாள் பீரோ சாவி லீவு. பஞ்சநாதனுக்கு அழுகையே வந்துவிட்டது.

அடுத்து ஸ்வெட்டர். வெயில் ஊரில் ஸ்வெட்டர் கேட்டவனைக் கடைவீதியே வேடிக்கை பார்த்தது. கடைசியில் கருவேப்பிலங்குறிச்சிக்குப் போய், மிலிட்டரியில் இருந்து வந்த சுப்புராயனிடம் கேட்டான். அவர் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து அவனுக்கு மாட்டிவிட்டார்.

"அளவெடுத்துத் தச்சாப்பல இருக்குது! எடுத்துக்கிட்டுப் போ."

"இதவிட சின்னதா இருக்குதாண்ணே?"

"யோவ், இதுவே ஒனக்குக் கச்சிதமா இருக்குது. இன்னும் சின்னதா எதுக்குய்யா?"

கிடைத்தவரை போதும் என்று பஞ்சநாதன் அதையே சுருட்டிக்கொண்டு வந்தான்.

டீக்கடையிலும் நிம்மதி இல்லை. "வாய்யா, ஜப்பான்காரா! எனக்கொரு ரேடியோ," என்பான் ஒருவன். "எங்கூட்டுக்கு நைலக்ஸ் பொடவ," என்பான் இன்னொருவன். பஞ்சநாதன் இரண்டொரு முறை வாயைத் திறந்து பார்த்தான். யார் கேட்டார்கள்? டீயைக் குடித்துவிட்டு நடையைக் கட்டினான்.

ஐப்பசிக்கு நாலு நாள் இருக்கும்போது பாஸ்போர்ட் வந்தது. மேனேஜரும் அவர் வீட்டம்மாவும் மெட்ராஸ் வரை துணைக்கு வந்து விமானம் ஏற்றிவிடுவதாக ஏற்பாடு.

புறப்படும் நாள் மத்தியானம் ரயில்வே ஜங்ஷனில் திருவிழாக் கூட்டம். பெட்டியை ரயிலில் வைத்துவிட்டுப் பஞ்சநாதன் கீழே இறங்கினான். கொளஞ்சியம்மாள் எந்த ஜன்னல் பக்கம் இருக்கிறாள் என்று தேடினான். இத்தனை மாதமும் எரிந்து விழுந்ததுதான் மிச்சம். அவளிடம் ஆசையாக ஒரு வார்த்தை பேசவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது. அதற்குள் தெருவின் பெரிய மனிதர் மாணிக்கவேல் மேளத்தோடு வந்து வழியை மறித்தார். ஆள் உயர ரோஜா மாலை ஒன்று பஞ்சநாதன் கழுத்தில் விழுந்தது.

"நம்ம தெரு மானத்தக் காப்பாத்திட்டடா, பஞ்சநாதா!"

"அண்ணே, கொஞ்சம் வழி உடுங்க. அவகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு..."

வண்டி ஊதியது. "ஏறு, ஏறு! வண்டி கெளம்புது!" என்று நாலு பேர் அவனைத் தூக்காத குறையாகப் பெட்டிப் பக்கம் தள்ளினார்கள். அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஏற மறுத்தான். "பயப்படுறான்யா! புடிச்சு உள்ள தள்ளுங்க!" என்றார் மாணிக்கவேல்.

ஒரு கால் படியிலும் ஒரு கால் பிளாட்பாரத்திலுமாக, நான்கு மாத எரிச்சலையும் ஒன்றாகத் திரட்டிப் பஞ்சநாதன் கத்தினான்:

"உடுங்கய்யா... ஜப்பான் போறது எம் பொஞ்சாதி!"