தூக்குக்குண்டு

தலையை இடப்பக்கம் திருப்பினால் எல்லாம் சுழல்வதைக் கொத்தனார் சவரிமுத்து யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சாரத்தில் ஏற்றமாட்டார்கள். ஆறாவது மாடியில் தலை சுற்றும்போதெல்லாம் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு அதன் நூலையே பார்த்துக்கொண்டிருப்பார். மெல்லச் சுழற்சி நின்றுவிடும். முப்பது வருடத்தில் நூல் அவரை ஏமாற்றியதில்லை.

“செவுரு நேராத்தான இருக்கு. எத்தன வாட்டி குண்டு விடுவீங்க?” என்றாள், கலவைச் சட்டியோடு வந்த மனைவி ஞானம்மா.

“செவுத்துக்கு இல்ல.”

சொல்லிவிட்டு நூலைப் பார்த்தார். அது சாய்ந்திருந்தது.

“காத்தடிக்குதா?”

அவள் முந்தானை அசையாமல் தொங்கியது. சட்டியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தாள்.

“இல்லீங்க. அப்படியே நில்லுங்க. என்னயப் பாருங்க.”

அவர் நூலைத்தான் பார்த்தார். அதற்கு நேராக நிற்பதற்காக, சாரத்துப் பலகை முடிந்த பக்கமாக ஒரு காலை நகர்த்தினார்.