சாத்திய கதவு

“ஏம்ப்பா, நம்ம வீட்டுல மட்டும் கதவைச் சாத்தவே மாட்டீகளா?”

மகள் எழில் ஒன்றாம் வகுப்புப் படிக்கும்போது முனியசாமியிடம் கேட்ட கேள்வி. அவர் எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். அவர் மனைவி செல்வலட்சுமிதான் சொன்னாள்.

“அப்பா வேலை பாக்குற பட்டாசு ரூம்ல எல்லாப் பக்கமும் கதவு தெறந்தே கெடக்கும்மா. ஏதும்னா ஓடணும்ல?”

“வீட்டுல எதுக்கு ஓடணும்?”

அதற்குப் பல வருடம் முன்பு, ஒரு தீபாவளி சீசனில், காற்றில் பட்டாசு ரூம் கதவுகள் அறைந்து சாத்திக்கொண்ட நேரம் பார்த்து உள்ளே தீப்பிடித்தது. முனியசாமி மட்டும் வெளியே வந்து விழுந்தார். அன்றோடு சாத்திய அறைக்குள் உட்கார முடியாமல் போயிற்று. ஆனாலும் வெடிமருந்து கலக்கும் வேலையை விட முடியவில்லை. வேறு வேலை தெரியாது.

இப்போது சாத்தூரில் ஒரு லாட்ஜ் மாடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மலேசியாவில் கையுறை செய்யும் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள். காலையில் செல்வலட்சுமி நெற்றியில் திருநீறு பூசிவிட்டாள்.

“பழகுனதை மறந்துறாதீக. இந்த வேலை எப்பிடியும் கெடைச்சிரணும். ஒவ்வொரு சத்தத்துக்கும் தெருவுக்கு ஓடியாந்து பொகை எந்தப் பக்கம்னு பாக்க இனி என்னால ஆகாது.”

ஆள் எடுக்கும் ஜெயசுந்தர் அறை வாசலில் வந்து நின்றார். “பாலகுரு யாருப்பா?”

இரண்டு பேர் எழுந்தார்கள்.

“அச்சங்குளம், கோட்டைச்சாமி மகன்.”

ஒருவன் உட்கார்ந்துவிட்டான். மற்றவன் கையைத் தூக்கினான். இருபது வயது இருக்கும்.

“நீ மட்டும் இரு. அந்தத் தம்பி அடுத்த மாசம் வரட்டும். இன்னும் ஒரே எடந்தான் பாக்கி. மொதல்ல முனியசாமி அண்ணாச்சி. அவரு தேறலேன்னாத்தான் உனக்கு. தெரியும்ல, கதவைச் சாத்திட்டு அரை மணி நேரம் உள்ள உக்காந்து கையுறை அடுக்கணும். அங்கன தூசி நுழையக்கூடாதுன்னு ஷிஃப்ட் முடியுற மட்டும் தெறக்க மாட்டான். போன தடவை இந்தப் பக்கத்து ஆளுக ரெண்டு பேரு, கதவு சாத்துனதும் எந்திரிச்சு ஓடிட்டாக. கம்பெனிக்காரன் என்னையப் பிடிச்சுத் திட்டுறான்.”

அவர் உள்ளே போனார். பாலகுரு முனியசாமியின் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான்.

“உங்களுக்குத்தான் அண்ணாச்சி கெடைக்கும். நான் சும்மா ஃபேன் காத்து வாங்க வந்திருக்கேன்.”

“என்ன வேலை பாக்குறே தம்பி?”

“வெடிக்குள்ள மருந்து செலுத்துறேன். எங்கம்மாட்ட பேக்கிங்னு சொல்லி வச்சிருக்கேன். தெனமும் தொட்டியில கையைத் தேய் தேய்னு தேச்சிட்டுத்தான் வீட்டுக்குப் போறது.”

அவன் நக இடுக்குகளில் வெள்ளி நிறப் பொடி அப்பியிருந்தது.

“தெரிஞ்சா என்ன?”

“உசுரை விட்டுரும் அண்ணாச்சி. எங்கப்பா வெடியிலதான் போனாரு. அப்ப நான் சின்னப்பய.”

முனியசாமி துண்டால் முகத்தைத் துடைத்தார். மறுபடி துடைத்தார்.

“என்ன இப்பிடி வேர்க்குது? கதவை நெனைச்சா?”

“ஆமாப்பா.”

பாலகுரு ஒரு தண்ணீர்ப் பாக்கெட்டைப் பல்லால் கடித்துப் பிரித்து நீட்டினான். “குடிங்க. கண்ணை மூடிக்கிட்டு மாரியாத்தாளை நெனைங்க. அரை மணி நேரம் என்ன, அரை நாளே ஓடிப்போகும்.”

தன் வேலைக்குப் போட்டியாக வந்தவருக்குத் தைரியம் சொல்கிறான் பையன். முனியசாமி அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு தண்ணீரைக் குடித்தார்.

கூப்பிட்டார்கள். செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். ஜெயசுந்தர் வெளியிலிருந்து கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரந்தான். படாரென்று கதவு திறந்தது. முனியசாமி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

“முடியல சார். மூச்சு முட்டுது.”

“என்ன அண்ணாச்சி, இப்பத்தானே உள்ள போனீக! கொஞ்சம் உக்காந்துட்டு இன்னொருக்கா போங்க. இதை நான் கணக்குல எடுக்கல.”

“வேண்டாம் சார். எனக்கு வராது. அந்தத் தம்பியைக் கூப்பிடுங்க.”

“திரும்பவும் மருந்து ரூமுக்கா போகப் போறீக?”

“பெறகு? வீட்டுல அடுப்பு எரியணும்ல.”

ஜெயசுந்தர் தலையை ஆட்டிக்கொண்டே பாலகுருவைப் பார்த்தார். அவன் தயங்கினான். “அண்ணாச்சி, நீங்க இன்னொரு தடவை...”

“போ தம்பி. நேரமாகுது.”

ஜெயசுந்தர் மறுபடி கதவைச் சாத்தினார். முனியசாமி பெஞ்சின் விளிம்பில் உட்கார்ந்து அதையே பார்த்தார். அது திறக்கவில்லை. நேரம் முடிந்து ஜெயசுந்தர் திறந்தபோது, கையுறைகளை அழகாக அடுக்கி வைத்துவிட்டுப் பையன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“பாஸ்போர்ட்டை எடுத்துக்கிட்டு திங்கக்கெழம வாலே!”

யாரும் தன்னைப் பார்க்குமுன் முனியசாமி எழுந்து, மாடிக் கோடியில் இருந்த குளியலறைக்குப் போனார். ஜன்னல்கூட இல்லாத சின்ன அறை. உள்ளே நுழைந்து கதவைச் சாத்தினார். தாழும் போட்டார்.

ஒரு மாதமாக, செல்வலட்சுமி வெளியே காவல் நிற்க, வீட்டுக் கதவைச் சாத்திச் சாத்திப் பழகியவர் அவர். கடைசி வாரம் முழுக்கத் தாழிட்டுத்தான் தூங்கினார். இப்போதும் மூச்சு சீராகவே வந்தது.

இருட்டில் கைகூப்பினார்.

“கோட்டைச்சாமி அண்ணாச்சி, அன்னைக்கு என் முதுகுல கை வச்சு வெளிய தள்ளிவிட்டுட்டு நீங்க தீக்குள்ள நின்னுட்டீக. இன்னைக்கு உங்க மகனை நான் வெளிய தள்ளிவிட்டுட்டேன்.”